நேரம் குறிக்கும் மென்பொருள்: வேலூர்ப் பக்கத்து ஃப்ரீலான்சர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் வீட்டிலிருந்தே டிசைன், கோடிங் என்று வேலை செய்து, மணிக்கணக்கில் பில் போடுபவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நான் சத்துவாச்சாரியில் இருந்துகொண்டு தோல் பொருள் ஏற்றுமதி செய்யும் கம்பெனிகளுக்கு கேட்லாக் வடிவமைத்துத் தருகிறேன். ஒரே நாளில் பல பேர் வேலை மாறி மாறி வரும். எதற்கு எவ்வளவு நேரம் போனது என்று நோட்டில் எழுதி மாளாது. அதனால் நேரம் குறிக்கும் மென்பொருள் ஒன்றில் சேர்ந்தேன். அந்தக் கம்பெனியிலிருந்து பேசிய தம்பி தமிழிலேயே தெளிவாகச் சொன்னார்: "ரெண்டு வாரம் ஃப்ரீ மேடம். பிடிச்சா மாசாமாசம் கட்டுங்க. இப்போ ஆட்டோபேக்கு ஓகே மட்டும் கொடுங்க." ஆட்டோபே என்றால் நம் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்க நாம் தரும் அனுமதி. திரையிலும் மாதக் கட்டணம்தான் பெரிதாக இருந்தது.

இலவச நாட்கள் முடிந்ததும் ஒரு வருடக் கட்டணம் மொத்தமாகப் போய்விட்டது, 18 சதவீத ஜிஎஸ்டியோடு. போன் செய்து கேட்டால், "அது வருஷத் திட்டத்தை மாசத்துக்குப் பிரிச்சுக் காட்டின தொகை மேடம்" என்கிறார்கள்.

பணம் போனதைவிட எனக்கு ஆறாதது வேறு. கோடையில் எங்கள் தெருவில் மதியம் கரண்ட் போகும். வைஃபை நின்றுவிடும், லேப்டாப் பேட்டரியில் வேலை நடக்கும். திரையில் டைமரும் ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் நெட் இல்லாத நேரம் எதுவுமே அவர்கள் சர்வரில் ஏறவில்லை. மாதக் கடைசியில் பார்த்தால் மதிய வேலை பாதி காணோம். சரி, இருப்பதையாவது எக்செல்லில் எடுக்கலாம் என்றால், அதற்கு இன்னும் விலை கூடிய திட்டத்துக்கு மாற வேண்டுமாம். உழைத்தது நான், பதிந்தது நான், அதை வெளியே எடுக்க மறுபடியும் நானே காசு கட்ட வேண்டும்! திரையைப் பார்த்துப் பார்த்துக் கையால் எழுதித்தான் பில் போட்டேன். ராணிப்பேட்டை வாடிக்கையாளரே, "ஏம்மா, வேலை இவ்வளவு நடந்திருக்கு, மணி கம்மியா இருக்கே?" என்று கேட்டார். பதிவில் இல்லாத மணிக்கு அவர்கள் கணக்குப் பிரிவு பணம் தராது. அந்த உழைப்பு போனது போனதுதான்.

கட்டணத்தை மட்டும் விடவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். இலவசமாகத் தருகிறோம் என்று சொல்லி ஆட்டோபே ஒப்புதலைக் கட்டாயமாக வாங்குவதை, மத்திய அரசின் 2023 வழிகாட்டுதல் 'சந்தாப் பொறி' என்றே தடை செய்கிறது. ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும். எனக்கு வரவில்லை. இந்த இரண்டையும் எழுதிப் புகார் கொடுத்த பிறகுதான் பணம் திரும்பியது. "நீங்க தொழிலுக்கு வாங்கினீங்க, நுகர்வோர் ஆக மாட்டீங்க" என்று அவர்கள் சொன்னால் பயப்படாதீர்கள். சொந்த உழைப்பில் பிழைப்பதற்காக மட்டுமே வாங்கினோம், அதனால் 2019 நுகர்வோர் சட்டப்படி நாமும் நுகர்வோர்தான் என்று வாதாடலாம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கும் போடலாம்.

எந்த மென்பொருளாக இருந்தாலும், வாடிக்கையாளர் வேலையை ஏற்றும் முன் சும்மா ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். நடுவில் வைஃபையை நிறுத்திவிட்டு, அந்த நேரம் பதிவாகிறதா என்று பாருங்கள். அப்புறம் முழுக் கணக்கையும் சிஎஸ்வி கோப்பாக (எக்செல்லில் திறக்கும் கோப்பு) இறக்கிப் பாருங்கள். நான் இப்போது பயன்படுத்தும் மென்பொருளிலிருந்து வாராவாரம் இறக்கி என் லேப்டாப்பிலேயே வைத்துக்கொள்கிறேன்.

ஏற்கெனவே எதற்காவது ஆட்டோபே கொடுத்திருந்தால், உங்கள் யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதியைத் திறந்து, எந்தத் தொகைக்கு, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று இன்றைக்கே பாருங்கள். வேண்டாததை அங்கேயே ரத்து செய்யலாம். கம்பெனியிடம் கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை.