யாருடைய நட்சத்திரம்? ஊபர், போல்ட், இன்டிரைவ்: ஓர் அலசல்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலிருந்து உம்கேனி சாலைக் கோவிலுக்குப் போக ஊபர், போல்ட், இன்டிரைவ் என மூன்று வாடகை வண்டிச் செயலிகள் இருக்கின்றன. எதில் கட்டணம் குறைவு என்றுதான் நாம் பார்க்கிறோம். பயணியின் நடத்தைக்கு இவை மதிப்பெண் போடுவதையும், அது யாரைப் பாதிக்கிறது என்பதையும் கவனிப்பதில்லை.

ஊபரில் ஓட்டுநர் ஐந்து வரை நட்சத்திரம் தருகிறார். கடைசி 500 மதிப்பீடுகளின் சராசரியே நம் மதிப்பெண். 500 சவாரி போனவருக்கு ஒரே ஒரு முறை ஒற்றை நட்சத்திரம் விழுந்து, மற்றதெல்லாம் ஐந்தாக இருந்தால் 4.99. மருத்துவமனைக்கும் கோவிலுக்குமாகப் பத்தே முறை ஏறிய ஆயாவுக்கு (பாட்டிக்கு) அதே அடி விழுந்தால் 4.6. படியிறங்கத் தாமதமானதுதான் அவர் செய்த குற்றமாக இருக்கும். அழைப்பை ஏற்கும் ஓட்டுநருக்கு 4.6 தெரியும், முழங்கால் வலி தெரியாது. காத்திருந்த நேரத்துக்குக் கட்டணமும் வாங்கிக்கொண்டு நட்சத்திரத்தையும் பறிப்பது என்ன நியாயம்?

நம் வீடுகளில் பேரனின் கைப்பேசியிலிருந்துதான் பெரும்பாலும் ஆயாவுக்கு வண்டி வருகிறது. வெள்ளி இரவு அவன் நண்பர்களோடு போட்ட கூச்சலின் பலன் ஞாயிறு காலை ஆயாவின் தலையில் விடிகிறது. கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ, மதிப்பெண்ணும் அவருடையதுதான். போல்ட்டிலும் இதே கதைதான்.

ஊபரில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. எத்தனை பேர் ஐந்து தந்தார்கள், எத்தனை பேர் ஒன்று தந்தார்கள் என்று பயணியே பார்க்கும் வசதியை 2022-இல் கொண்டுவந்தார்கள். ஆனால், யார் தந்தார் என்பது தெரியாது.

இன்டிரைவ் வேறு மாதிரி. கட்டணத்தைப் பயணி சொல்ல, ஓட்டுநர் ஏற்கலாம், கூட்டிக் கேட்கலாம், விட்டுவிடலாம். அடிமாட்டு விலை சொன்னால் வண்டி வராது. "வயதானவர், மெதுவாக வருவார்" என்று குறிப்பெழுதி, இருபது ராண்ட் கூட்டிச் சொல்லலாம். தைப்பூசத்தன்று தட்டும் பால்குடமுமாகக் கிளம்பும் குடும்பத்துக்கு இதுவே ஏற்றது. இங்கும் மதிப்பெண் உண்டு. ஆனாலும் பேச்சு முன்கூட்டியே முடிந்துவிடுகிறது.

பலர் சேர்ந்து ஏறும் மினிபஸ் டாக்சியில் இந்தத் தொல்லையே இல்லை. காசை முன்னிருக்கைக்குக் கைமாற்றிவிட்டால் போதும். என்ன, அது வாசலுக்கு வராது.

என் முடிவு: ஆயாவுக்குத் தனிக் கணக்கு, பகல் பயணத்துக்கு இன்டிரைவ். மற்ற இரண்டிலும் ஏறினால், வண்டி உறுதியானதுமே தாமதத்தைச் செய்தியாக அனுப்பிவிடுங்கள். ஒற்றை நட்சத்திரம் தரும் ஓட்டுநர் அதற்கான காரணத்தையும் எழுத வேண்டும், அந்தக் காரணம் பயணியின் திரைக்கும் வர வேண்டும் என்று மூன்று நிறுவனங்களிடமும் நாம் கேட்க வேண்டும்.