ஜென்டாமைசின், கொலிஸ்டின், சிப்ரோஃப்ளாக்சசின்: தசைக்கு எது அதிக ஆபத்து?

நரம்பின் நுனிக்குள் கால்சியம் நுழைந்ததும் அங்கிருந்து அசிட்டைல்கோலின் என்ற, தசைக்குச் சேதி சொல்லும் வேதிப்பொருள் வெளியேறும். அது தசையின் ஏற்பிகளில் போய் ஒட்டினால் தசை சுருங்கும். சில ஆன்டிபயாடிக்குகள் இந்த வேலையில் குறுக்கிடுகின்றன. எங்கே குறுக்கிடுகின்றன என்பதைப் பொறுத்துத்தான் அதைச் சரிசெய்யும் வைத்தியம்.

ஜென்டாமைசின், அமிக்காசின், நியோமைசின் எல்லாம் ஒரே குடும்பம். கால்சியம் நுழையும் வழியை அடைத்து, அசிட்டைல்கோலின் வெளியேறுவதைக் குறைப்பவை. அறுவைச் சிகிச்சையின்போது வயிற்றுக்குள் நியோமைசின் விட்டபின் மூச்சு நின்றுபோனது 1950களிலேயே பதிவாகியிருக்கிறது. மயக்க மருத்துவர் ரோகுரோனியம் போன்ற தசைத் தளர்த்தி கொடுத்திருந்தால் இரண்டும் சேர்ந்து நோயாளி தானாக மூச்சுவிடத் தாமதமாகும். ஆனால் கால்சியம் ஊசி போட்டால் பல நேரம் ஓரளவாவது சரியாகும்.

கொலிஸ்டின் அப்படியில்லை. அதன் பிடி பெரும்பாலும் தசைப் பக்கம். கால்சியத்தையோ, அசிட்டைல்கோலின் சிதையாமல் காக்கும் நியோஸ்டிக்மின் மருந்தையோ நம்ப முடியாது. வென்டிலேட்டரில் வைத்து, மருந்து உடம்பைவிட்டுப் போகும்வரை காத்திருக்க வேண்டும்.

அப்படியானால் கொலிஸ்டின்தான் மோசமா? எனக்கு சிப்ரோஃப்ளாக்சசின் மேல்தான் அதிக பயம். கொலிஸ்டின் ஏறுவது பெரும்பாலும் ஐசியூவில், பக்கத்திலேயே ஆள் இருக்கும். சிப்ரோ மாத்திரையோ சிறுநீர்க் கடுப்புக்கு வாங்கி வீட்டில் விழுங்குவது. ஆரோக்கியமானவருக்கு இந்த வகையில் பொதுவாகத் தொந்தரவில்லை. மையஸ்தீனியா கிராவிஸ் என்ற, தசைகள் சீக்கிரம் சோர்ந்துபோகும் நோய் உள்ளவருக்கு ஏற்பிகள் ஏற்கெனவே குறைவு. அவருக்கு இது பலவீனத்தைக் கூட்டலாம். சிப்ரோவின் குடும்ப மருந்துகளுக்கு (ஃப்ளூரோகுவினலோன்கள்) அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2011இல் இதற்காகவே கறுப்புக் கட்ட எச்சரிக்கை, அதாவது மருந்து விவரத்தாளில் இடப்படும் மிகக் கடுமையான எச்சரிக்கையே சேர்த்தது. தொண்டை வலிக்குச் சாதாரணமாக எழுதித் தரும் அசித்ரோமைசினுக்கும் இவர்கள் விஷயத்தில் கவனம் வேண்டும்.

மருந்தே வேண்டாம் என்று இருந்துவிடவும் முடியாது, தொற்றே மையஸ்தீனியாவை முற்ற வைக்கும். தொற்றுக்குப் பொருந்துமானால் பென்சிலின், செஃபலோஸ்போரின் வகைகளே என் முதல் தேர்வு. நரம்பும் தசையும் சேரும் இடத்தை இவை பெரும்பாலும் தொடுவதில்லை. (சிறுநீரகம் பழுதானவருக்கு செஃபிபைம் என்ற செஃபலோஸ்போரின் அளவு மீறினால் குழப்பமும் வலிப்பும் வரலாம், அது மூளையின் சமாச்சாரம், வேறு கதை.)

வேறு வழியின்றி சிப்ரோதான் என்றால், இமை சரிகிறதா, விழுங்கத் திணறுகிறாரா என்று வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். ஆழமாக மூச்சிழுத்து ஒரே மூச்சில் சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். வழக்கமாக நாற்பது வரை போகிறவர் பதினைந்திலேயே நின்றால் விடியும்வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.