அட்வான்ஸ் என்று வாங்கினார், பில்லில் அது அட்வான்ஸ் இல்லையாம்

மாமா இறந்தது அதிகாலை இரண்டரை மணிக்கு. மருத்துவமனையில் அத்தையும் நானும் மட்டும்தான். யாருக்கு முதலில் சொல்வது என்று தெரியாமல் வார்டு வாசல் பெஞ்சில் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

"தம்பி, நீங்க எதுக்கும் அலைய வேண்டாம். வண்டி, பெட்டி, தகனத்துக்கு நேரம் வாங்குறது எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார். மாமாவின் பெயரைச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பித்தார். நான் இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை, இவருக்கு எப்படித் தெரிந்தது? அந்தக் கேள்வி எனக்கு மறுநாள்தான் வந்தது.

மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், நம்ம வீட்டுக் காரியம் மாதிரி. இப்ப அட்வான்ஸ் மட்டும் போட்டு விடுங்க. காலையில ஒரே ஒரு நேரம்தான் காலியா இருக்கு, விட்டா போச்சு." பணம் அனுப்பப் போனால் திரையில் வேறு ஒரு பெண்ணின் பெயர் வந்தது. கேட்டதற்கு, "வீட்டுக்காரி கணக்கு தம்பி, கம்பெனி கணக்குல ஏதோ கோளாறு" என்றார். சரி என்று அனுப்பிவிட்டேன். ரசீது கேட்டபோது விசிட்டிங் கார்டைத் திருப்பி, பின்பக்கம் தொகையை எழுதி, கீழே ஒரு சுழி போட்டுக் கொடுத்தார். தேதி இல்லை, எதற்கான பணம் என்றும் இல்லை. அந்தக் கார்டு இன்னும் என் பர்ஸில் இருக்கிறது.

காலையில் வண்டி இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தது. அவர் வரவில்லை. ஓட்டுநரிடம் கேட்டால், "அண்ணே, என்னை வாடகைக்குக் கூப்பிட்டாங்க. மத்தது எனக்குத் தெரியாது" என்றார். தகனத்துக்கு நேரம் எதுவும் பதிவாகவே இல்லை, நாங்களே போய் வாங்கினோம். எல்லாம் முடியும் நேரத்தில் வேறு ஒரு பையன் பில்லோடு வந்தான். நான் கொடுத்த முன்பணம் அதில் எங்கேயும் கழிக்கப்படவில்லை. போனில் அவரைப் பிடித்தேன். "அது புக்கிங் சார்ஜ் தம்பி, பில்லு தனி" என்றார் கூசாமல். கூடவே காத்திருப்புக் கட்டணம் வேறு. வண்டி தாமதமாக வந்ததற்கு நாங்கள் காத்திருப்புக் கட்டணம் கட்ட வேண்டுமாம்!

நான் குரலை உயர்த்தியதும் அத்தை கையைப் பிடித்தார். "விடுப்பா, இன்னைக்குப் பணப் பேச்சு வேண்டாம்." கொடுத்துவிட்டேன். அவர்கள் நம்பியிருப்பதும் இந்த 'விடுப்பா'வைத்தான்.

வங்கியில் புகார் கொடுத்தேன். நானே கணக்கு எண் போட்டு, நானே உறுதி செய்து அனுப்பிய பணம் என்பதால் திரும்ப எடுக்க முடியாது என்றார்கள். வங்கிக் கார்டில் கட்டியிருந்தால், சேவை கிடைக்கவில்லை என்று தகராறு பதிவு செய்யவாவது ஒரு வழி இருந்திருக்கும்.

அன்று எனக்குத் தெரியாமல் போனது, அவ்வளவு அவசரமே இல்லை என்பது. பிணவறைக் குளிர்பெட்டி பொதுவாக 2 முதல் 4 டிகிரி செல்சியஸில் இருக்கும், சில நாட்கள் வரைக்கும் உடல் தாங்கும். சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று வீட்டார் நினைப்பது வேறு விஷயம். பணம் அனுப்புமுன் இரண்டு போன் போட்டு விசாரிக்க அரை மணி நேரம் கூடக் கிடையாது என்று ஒருவர் சொன்னால், அது பொய். தகனக் கூடத்துக்கு நாமே போன் போட்டு நேரம் காலியா என்று கேட்டுவிடலாம். இது எனக்கு அன்று தோன்றவே இல்லை.

அமெரிக்காவில் இறுதிச் சடங்கு நடத்தும் நிறுவனங்களுக்கு 1984 முதல் ஒரு விதி இருக்கிறது. நேரில் போய் விசாரிப்பவருக்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை போட்ட பட்டியலைக் கையில் கொடுத்தாக வேண்டும். போனில் கேட்டாலும் விலையைச் சொல்ல வேண்டும். இப்படி விதி இல்லாத இடத்திலும் பட்டியலைக் கேட்க யாரும் தடை போடவில்லை. இன்னொரு மோசடியும் நடக்கிறது. மரண அறிவிப்பைப் பார்த்துவிட்டு, நாம் ஏற்பாடு செய்த நிறுவனத்தின் பெயரிலேயே யாரோ கூப்பிட்டு, "மீதியை இப்பவே கட்டுங்க, இல்லன்னா ரத்து" என்பார்கள். போனை வைத்துவிட்டு, நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு நாமே திரும்பக் கூப்பிட வேண்டும்.

மூன்று மாதம் கழித்து நண்பனின் அம்மா போனபோது போன் பேசும் வேலை என்னிடம் வந்தது. முதலில் பேசிய இடத்தில், முன்பணம் மொத்த பில்லில் கழியுமா, நாங்கள் ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும், கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்கிறதா என்று கேட்டேன். "இந்த நேரத்துல இப்படி எல்லாம் கேக்குறீங்களே சார்" என்றார் அவர். நன்றி சொல்லி வைத்துவிட்டேன். இரண்டாவது இடத்தில் ஒரு அம்மா பேசினார். அதே கேள்விகளைக் கேட்டேன். "எழுதியே அனுப்பிடறேன், பாத்துட்டு அனுப்புங்க" என்றார். பத்து நிமிடத்தில் வண்டி, பெட்டி, ஆள் கூலி என்று தனித்தனியாகப் போட்ட பட்டியல் வந்தது. கடைசி வரியில், "முன்பணம் மொத்தத் தொகையில் கழிக்கப்படும்" என்று இருந்தது. அதை நண்பனிடம் காட்டிவிட்டு அப்புறம்தான் பணம் அனுப்பினேன்.