சேற்றில் நான்கு மழைக்காலங்கள்: தார் வண்டியும் நிலத்தின் பதமும்

2021 ஆவணியில் நான் வாங்கிய மகிந்திரா தார் என்ற, நான்கு சக்கர இழுவை கொண்ட ஜீப் வகை டீசல் வண்டி இப்போது 61,000 கிலோமீட்டரைக் கடந்திருக்கிறது. அதில் பெரும்பகுதி மதுரைக்கும் சிவகங்கைக்கும் இடையே வேலைக்காக ஓடியது. சேற்றில் ஓட்டியதை மட்டும் கூட்டினால் ஆயிரம் கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். இந்த ஆயிரம் கிலோமீட்டரைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். ஏனெனில் புதிதாக இவ்வகை வண்டி வாங்குகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் எந்த டயர், எந்த வின்ச் (கம்பியைச் சுற்றி வண்டியை இழுக்கும் கருவி) என்றுதான் இருக்கிறது. எந்த மண்ணில், எந்த மாதத்தில், யாருடைய நிலத்தில் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நானும் முதல் ஆண்டில் கேட்கவில்லை.

வண்டியின் திறனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2020 அக்டோபரில் விற்பனைக்கு வந்த இந்தத் தலைமுறை தாரின் 2.2 லிட்டர் டீசல் இன்ஜின் 130 குதிரைத்திறனும் 300 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருகிறது. தரையிலிருந்து வண்டியின் அடிப்பகுதி 226 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. 650 மில்லிமீட்டர் ஆழம் வரையிலான நீரைக் கடக்கலாம் என்று தயாரிப்பாளர் குறிப்பிடுகிறார். நான்கு சக்கரங்களுக்கும் மெதுவான, கூடுதல் இழுவை தரும் ஃபோர்-லோ நிலையில் முதல் கியரைப் போட்டு, கால்களை பெடல்களிலிருந்து எடுத்துவிட்டால்கூட வண்டி தன் போக்கில் நடந்துபோகும் அளவுக்கு இழுவை இருக்கிறது. இந்த நான்கு ஆண்டுகளில் வண்டியின் திறன் போதவில்லை என்று நான் உணர்ந்த இடம் ஒன்றுகூட இல்லை. நான் சிக்கிக்கொண்ட ஒவ்வொரு முறையும், போயிருக்கக் கூடாத இடத்துக்குப் போயிருந்தேன், அல்லது போகக் கூடாத வேகத்தில் போயிருந்தேன்.

டயரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் நான் எடுத்த முடிவை நானே திருத்திக்கொண்டேன். வண்டியுடன் வந்த, சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் டயர்கள் சேற்றுக்குப் போதாது என்று நினைத்து, 34,000 கிலோமீட்டரில், முழுமையாகத் தேய்வதற்கு முன்பே அவற்றைக் கழற்றிவிட்டு, சேற்றுக்கென்றே உள்ள மட் டெரெய்ன் டயர்களுக்கு மாறினேன். வண்டிக்குப் பதிவான அளவை மீறிப் பெரிய டயர் போடவில்லை. தயாரிப்பாளர் நிர்ணயித்த விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அளித்த தீர்ப்பு இருக்கும்போது, அதே அளவில் வாங்குவதுதான் முறை. புதிய டயரின் அகன்ற பள்ளங்கள் களிமண்ணை உதறித் தள்ளிவிட்டு மீண்டும் பிடித்துக்கொள்வதை முதல் நாளே உணர முடிந்தது. ஆனால் நெடுஞ்சாலையில் இரைச்சல் கூடியது, மழையில் நனைந்த சாலையில் பிரேக் பிடிக்கும் தூரம் கூடியதாகத் தோன்றியது, லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் குறைந்தது. இவற்றையெல்லாம்விட முக்கியமாக, சக்கரம் சுழலத் தொடங்கியதும் அந்த டயர் மண்வெட்டியைப் போலத் தோண்டியது. நான் கடந்துபோன இடத்தை இறங்கி வந்து பார்த்தபோது, பழைய டயர் நான்கு விரற்கடை பதிந்த மண்ணில் இது முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் பறித்திருந்தது.

ஒரு மழைக்காலம் முழுவதும் அவற்றோடு ஓட்டிவிட்டு, ஆல் டெரெய்ன் டயர்களுக்கே திரும்பிவிட்டேன். காற்றழுத்தத்தை 32 பிஎஸ்ஐயிலிருந்து 18க்குக் குறைத்தால், டயர் மண்ணில் படியும் பரப்பு நீண்டு, ஒன்றே முக்கால் டன்னுக்கு அருகிலான எடை பரவி இறங்குகிறது. வண்டி தோண்டாமல் மிதந்து போகிறது. 15க்குக் கீழே போனால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும் அபாயம் இருப்பதால் நான் 18இல் நிறுத்திக்கொள்கிறேன். திரும்பும்போது நெடுஞ்சாலை ஏறுவதற்கு முன் மீண்டும் காற்று நிரப்பியாக வேண்டும் என்பதால், பேட்டரியில் ஓடும் நல்ல ஏர் கம்ப்ரஸர்தான் நான் வாங்கிய துணைக்கருவிகளில் மிகவும் பயன்பட்டது.

இனி, முதல் மழைக்காலத்தில் செய்த தவறு. 2021 கார்த்திகையில் நண்பர்களோடு நான்கு வண்டிகளில், கண்மாய்க்கரையை ஒட்டிய ஒரு வண்டிப்பாதையில் இறங்கினோம். வடகிழக்குப் பருவமழை ஓயாமல் பெய்திருந்த வாரம் அது. பாதை பொதுப்பாதைதானே, யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று எண்ணினோம். ஏறக்குறைய அரை கிலோமீட்டர் நீளத்துக்கு முன்னும் பின்னுமாகப் பலமுறை ஓட்டி, ஒருவரை ஒருவர் இழுத்து மீட்டு, மகிழ்ச்சியோடு வீடு திரும்பினோம். தை மாதத்தில் அதே வழியாக வேறு வேலைக்குப் போனபோது, நாங்கள் பறித்த பள்ளங்கள் அப்படியே காய்ந்து செங்கல்லைப் போல இறுகியிருந்தன. அறுவடைக்கு வர வேண்டிய வண்டி வேறு வழியாகச் சுற்றி வந்ததாகவும், பால் எடுத்துச் செல்பவர் இரு முறை மொபெட்டோடு விழுந்ததாகவும் அங்கிருந்த பெரியவர் சொன்னார். அவர் கோபப்படவில்லை. "தம்பி, உங்களுக்கு இது ஒரு நாள் விளையாட்டு. எங்களுக்கு வருஷம் முழுக்க இதுதான் ரோடு" என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் வாடகைக்கு டிராக்டர் பிடித்து, மண் அடித்து, பாதையைச் சமன் செய்து கொடுத்தோம். செலவை நால்வரும் பகிர்ந்துகொண்டோம். ஆனால் இறுகிய மண் பழைய நிலைக்கு வர அடுத்த மழைவரை காத்திருக்க வேண்டியிருந்தது. பால்காரர் விழுந்ததை எந்தச் செலவும் மாற்றாது.

மண் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பதை அதன் பிறகுதான் படித்தும் கேட்டும் புரிந்துகொண்டேன். நல்ல மண்ணில் ஏறக்குறையப் பாதி இடம் காற்றுக்கும் நீருக்கும் உரிய துளைகளாக இருக்கிறது. ஈரமான மண்ணின் மீது எடை ஏறும்போது இத்துளைகள் நசுங்கி மண் இறுகுகிறது. இறுகிய மண்ணில் மழைநீர் இறங்காமல் மேலே ஓடுகிறது, வேர் இறங்கவும் வழியில்லை. இந்த இறுக்கத்தின் பெரும்பங்கு முதல் சில முறை சக்கரம் உருளும்போதே ஏற்பட்டுவிடுகிறது என்பதை ஓட்டுநர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். அதாவது, ஏற்கெனவே தடம் இருக்கும்போது சேற்றைத் தவிர்க்க அதன் ஓரமாகப் புதுத்தடம் போடுவது, பழைய தடத்திலேயே பத்து முறை போவதைவிடக் கூடுதல் சேதம் தரும். சரிவில் விழுந்த தடம் இன்னும் மோசம். அடுத்த மழையில் அது ஓடையாகி, மேல்மண்ணை அரித்துக்கொண்டு போகிறது. கரிசல் மண்ணின் குணம் தனி. நீர் பட்டால் உப்பி, காய்ந்தால் சுருங்கி வெடிக்கும் அந்தக் களிமண், ஈரத்தில் டயரின் பள்ளங்களை நிரப்பி அதை வழுக்கும் உருளையாக்கிவிடும். செம்மண் பூமியில் மழை விட்ட இரண்டு மூன்று நாட்களில் தரை தாங்கத் தொடங்கும். கரிசலில் அந்த அவசரம் ஆகாது.

அந்தப் பெரியவரே பின்னர் எனக்குப் பதம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். உழவுக்கு முன் நிலத்தில் கால் வைத்துப் பார்ப்பதும், ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பார்ப்பதும் அவருக்கு மூச்சு விடுவதைப் போல இயல்பானவை. உருட்டிய உருண்டையைக் கீழே போட்டால் உதிர வேண்டும். உதிராமல் அப்பிக்கொண்டால், அல்லது உள்ளங்கையில் கயிறு போலத் திரிந்தால், நிலம் இன்னும் பதத்துக்கு வரவில்லை. "பதம் தப்பி ஏர் இறக்கினா கட்டி கட்டியாப் போயிடும், மறுபடி சேராது" என்பார். ஏருக்கும் டிராக்டருக்கும் பொருந்துவது என் வண்டிக்கும் பொருந்தும் என்று ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து, வண்டியில் ஏறும் முன் குனிந்து மண்ணை எடுத்துப் பார்க்காமல் நான் எந்த மண்பாதையிலும் இறங்கியதில்லை.

அப்படியானால் சேற்றில் ஓட்டுவதே கூடாதா என்று கேட்கலாம். எங்களுக்குக் கிடைத்த விடை, மானாமதுரைப் பக்கம் கைவிடப்பட்ட ஒரு செங்கல் சூளையின் மண் எடுத்த பள்ளம். பட்டா நிலம், உரிமையாளரிடம் எழுத்து மூலம் ஒப்புதல் பெற்று, பருவத்துக்கு ஒரு தொகை கொடுத்து வருகிறோம். கடத்துக்கும் மண்பாண்டங்களுக்கும் பேர்போன ஊரின் களிமண் என்பதால், ஒரு மழை பெய்தால் பல வாரங்கள் சேறு நிற்கும். அங்கே மேல்மண் என்று இழப்பதற்கு எதுவுமில்லை. அதை முன்பே எடுத்துவிட்டார்கள். ஆனால் அங்கு போகும் பாதை மற்றவர்களின் வயல்களின் ஊடே போகிறது. எனவே பள்ளத்தில் சேறு இருக்க வேண்டும், பாதை காய்ந்திருக்க வேண்டும். இவ்விரண்டும் பொருந்தும் நாட்கள் ஒரு பருவத்தில் ஐந்தோ ஆறோதான் கிடைக்கின்றன. அது போதும் என்று பழகிக்கொண்டோம். ஒரு எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும்: மண் எடுத்த பள்ளங்களில் ஆழம் சீராக இருக்காது. நீண்ட கம்போடு ஒருவர் நடந்து அளந்து, கொடி நட்ட பகுதிக்குள் மட்டுமே வண்டி இறங்கும் என்பது எங்களிடம் மாறாத விதி.

கண்மாய்க்குள் நாங்கள் இறங்குவதில்லை. கோடையில் காய்ந்து கிடக்கும் கண்மாய் உள்வாய் பலருக்கும் வெற்றிடமாகத் தெரிகிறது, எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆட்காட்டிக் குருவி இதுபோன்ற திறந்த தரையில்தான், கூடு என்று ஒன்றைக் கட்டாமல், சிறு குழிவில் பெரும்பாலும் நான்கு முட்டைகள் இடுகிறது. மண்ணின் நிறத்திலேயே இருக்கும் முட்டைகளை ஓட்டுநர் இருக்கையிலிருந்து காண்பது இயலாத காரியம். தலைக்கு மேலே பறவை விடாமல் கத்துகிறது என்றால் கூடு அருகில் இருக்கிறது என்று பொருள்; வந்த தடத்திலேயே பின்னோக்கி வெளியேற வேண்டும். கரையைப் பற்றி நான் இன்னும் கடுமையாகச் சொல்வேன். படம் எடுப்பதற்காகக் கண்மாய்க்கரையில் வண்டியை ஏற்றி இறக்குவது குற்றத்துக்கு நிகரானது. மண்ணால் ஆன கரையில் குறுக்கே விழும் ஒரு தடம், பெருமழையில் தண்ணீர் வழிந்து உடைப்பெடுக்கும் இடமாக மாற முடியும். உடைந்தால் அந்தக் கண்மாய் நீர் பாயும் ஆயக்கட்டு முழுவதும் பாழ். காப்புக்காடுகளில் அனுமதியின்றி நுழைவதை 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டமும், சரணாலயங்களில் நுழைவதை 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் தடுக்கின்றன என்பதை ஓரளவு எல்லோரும் அறிவர். புறம்போக்கும் மேய்ச்சல் நிலமும் கண்மாயும் அப்படிப்பட்ட வேலி இல்லாததாலேயே அதிகம் சேதமடைகின்றன.

மீட்புக் கருவிகளில் அதிகம் செலவழிக்கத் தேவையில்லை. நீண்டு சுருங்கும் கைனெடிக் கயிறு ஒன்று, 4.75 டன் தாங்கும் முக்கால் அங்குல ஷாக்கிள் (கயிற்றை வண்டியில் பூட்டும் இரும்பு வளையம்) இரண்டு, சக்கரத்துக்கு அடியில் வைக்கும் இழுவைப் பலகைகள் இரண்டு, நீண்ட காம்புள்ள மண்வெட்டி ஒன்று: இவை போதும். டிரெய்லர் மாட்டும் உருண்டைக் கொக்கியில் கயிற்றை மாட்டி இழுக்கவே கூடாது. அது முறிந்தால் பீரங்கிக் குண்டைப் போலப் பாயும், உயிரிழப்புகள் நேர்ந்திருக்கின்றன. வின்ச்சை நான் பொருத்தவில்லை. பொருத்தியவர்கள் மரத்தில் நங்கூரமிடும்போது அகலமான பட்டையைச் சுற்றிய பின்பே கட்ட வேண்டும். வெறும் கம்பி மரப்பட்டையை அறுத்துவிடும். சக்கரம் இரண்டு சுற்று வீணாகச் சுழன்றதுமே நிறுத்தி இறங்கி மண்ணை வெட்டிவிட்டால், பெரும்பாலான நேரங்களில் கயிறே தேவைப்படுவதில்லை.

பராமரிப்பில் சேறு தன் விலையை வசூலிக்கிறது. ரேடியேட்டரின் இடைவெளிகளில் களிமண் உலர்ந்து அடைத்ததால் ஒரு முறை வெப்பமானி ஏறியது. கவனிக்காமல் விட்டது என் பிழை. பின்சக்கர டிரம் பிரேக்குகளைக் கழற்றிச் சுத்தம் செய்வதைப் பருவத்துக்கு இரு முறை செய்கிறேன். ரிம்மின் உட்புறத்தில் ஒட்டிய மண் நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டீயரிங்கை அதிரவைக்கும். அலைன்மென்ட் பழுது என்று பதற வேண்டாம், கழுவினால் போகும். ஆழமான நீரில் இறங்கிய பின் டிஃபரன்ஷியல் (அச்சிலுள்ள பல்சக்கரப் பெட்டி) எண்ணெயைத் துளி எடுத்துப் பார்க்க வேண்டும். பால் கலந்ததுபோல் இருந்தால் நீர் புகுந்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும்.

கழுவும் இடமும் முக்கியம். பள்ளத்தின் ஓரத்திலேயே மண்ணை முதலில் சுரண்டித் தள்ளிவிட்டுத்தான் சாலை ஏறுகிறோம். சாலையில் உதிரும் களிமண் இரு சக்கர வண்டிகளைச் சறுக்கிவிடும்; சக்கரத்தில் ஒட்டி வரும் பார்த்தீனிய விதை, அது இல்லாத வயலுக்கும் போய்ச் சேரும். எண்ணெய்ப் பிசுக்கோடு வண்டியைக் கண்மாயிலோ வாய்க்காலிலோ கழுவுவதை நாங்கள் அடியோடு நிறுத்திவிட்டோம்.

போட்டி மனப்பான்மை உள்ளவர்களுக்கு ஒழுங்கு செய்யப்பட்ட தடங்கள் இருக்கின்றன. 1997இல் மலேசியாவில் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் என்ற கரடுமுரடான தட வண்டிப் போட்டியின் இந்தியப் பதிப்பு 2014இல் கோவாவில் மழைக்காலத்தில் தொடங்கியது. நான் போட்டிக்குப் போனதில்லை. ஆனால் எல்லை வகுத்த தடம், மருத்துவ ஏற்பாடு, விதிகள் ஆகியவை உள்ள இடத்தில் கற்றுக்கொண்டு வந்தவர்கள், எங்கள் குழுவில் மற்றவர்களைவிட மெதுவாகவும் தூய்மையாகவும் ஓட்டுகிறார்கள் என்பதைக் கண்ணால் பார்க்கிறேன்.

வரும் ஐப்பசியில் இன்னொரு செட் ஆல் டெரெய்ன் டயர் வாங்க வேண்டியிருக்கிறது. சூளைக்குப் போகும் பாதையில் இரண்டு இடங்களில் நீர் தேங்குவதால், மழைக்கு முன்பே சரளை அடித்துத் தருவதாக வயல்காரர்களிடம் பேசியிருக்கிறோம். பாதை காய்ந்துவிட்டதா என்று அவர்களில் ஒருவர் தொலைபேசியில் சொன்ன பிறகே வண்டிகள் கிளம்பும். சென்ற ஆண்டு மார்கழியில் அவர் "இன்னும் பதம் வரல" என்று சொன்னதால் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுவிட்டு, நான்காவது ஞாயிறன்றுதான் போனோம்.