விறகு அடுப்பும் டைட்டானியம் பாத்திரமும்: எதோடு எது சேரும்?

முதுகுப்பையில் போட்டுக்கொண்டு போகிற சின்ன விறகு அடுப்பை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் அடுப்பைத்தான் பார்ப்பார்கள். வீடியோவில் தீ சுழன்று எரிகிற அழகில் மயங்கி ஆர்டர் போட்டுவிட்டு, அப்புறம்தான் அதன் மேல் வைக்க ஒரு டைட்டானியம் பாத்திரம் தேடுவார்கள். என்னைக் கேட்டால் பாத்திரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். அடுப்பு அதற்குள் அடங்குமா, தீ அடியில் படுமா இல்லை பக்கவாட்டில் வீணாக ஏறுமா, கொதி வந்ததும் கைப்பிடியைத் தொட முடியுமா, எல்லாமே பாத்திரத்தின் விட்டத்தைப் பொறுத்தது. லிட்டர் கணக்கு அதற்கு அடுத்ததுதான்.

நான் எழுதுவது கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தை, குறிப்பாக அல்கோன்குயின் பூங்காவின் உட்காட்டை மனதில் வைத்து. ஏரி ஏரியாகத் துடுப்புப் போட்டுக்கொண்டு, நடுவில் படகைத் தோளில் தூக்கி நடக்க வேண்டிய இடம். விழுந்து காய்ந்த சுள்ளிக்குப் பஞ்சமில்லை, அதனால் எரிபொருளைச் சுமக்காமல் போகலாம் என்கிற ஆசை வருவது இயல்புதான். ஆனால் அந்த ஆசைக்குக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

எடை குறையும் என்பதுதான் விறகு அடுப்புக்குச் சொல்லப்படும் முதல் காரணம். சோலோ ஸ்டவ் லைட் என்கிற எஃகு விறகு அடுப்பு 255 கிராம். அதற்கு எதிரே பிஆர்எஸ் 3000டி என்கிற 25 கிராம் கேஸ் பர்னரையும், 110 கிராம் கேஸ் அடைத்த சின்ன டப்பாவையும் வையுங்கள். டப்பாவின் மொத்த எடை 210 கிராம் வாக்கில் வரும். இரண்டும் சேர்ந்தே 235 கிராம்தான். அந்தக் கேஸின் சூட்டில் பாதி தண்ணீருக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால், பத்து டிகிரி ஏரித் தண்ணீர் ஆறேழு லிட்டர் கொதிக்கும். தனி ஆளுக்குக் காபி, இரண்டு வேளைச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் என்றால் மூன்று நாள் ஓடும். ஆக, வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறவருக்கு விறகு அடுப்பு எடையைக் குறைப்பதில்லை, கொஞ்சம் கூட்டுகிறது. பெரிய கேஸ் டப்பா தேவைப்படுகிற நீண்ட பயணத்தில்தான் விறகு ஜெயிக்கும். இல்லையென்றால் 255 கிராமை விட்டுவிட்டு டைட்டானியம் அடுப்புக்குப் போக வேண்டும். அங்கே கதை வேறு.

விறகுப் பக்கத்துக் கணக்கும் பார்த்துவிடலாம். காய்ந்த சுள்ளியில் கிராமுக்குச் சுமார் 15 கிலோஜூல் சூடு இருக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு பாத்திரத்துக்குள் போனால் ஒரு லிட்டர் கொதிக்க 125 கிராம் சுள்ளி வேண்டும், அதாவது இரண்டு கை நிறைய. இது ஒன்றும் பெரிய வேலை இல்லை. மழை பெய்த மறுநாள் காலையில் மட்டும்தான் வேலை.

சரி, பாத்திரம் ஏன் டைட்டானியம்? இங்கே ஒரு தப்பான நம்பிக்கை நிறையப் பேருக்கு இருக்கிறது. டைட்டானியம் சூட்டை நன்றாகக் கடத்தும் உலோகம் இல்லை. இந்த விஷயத்தில் அது எவர்சில்வரின் பக்கத்தில்தான் நிற்கிறது. அலுமினியம் அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் கடத்தும். டைட்டானியத்தின் பெருமை வேறு: ஒரு கன சென்டிமீட்டர் 4.5 கிராம், எஃகில் அது எட்டு கிராம் அளவில் வரும், ஆனால் பலத்தில் டைட்டானியம் சளைத்ததில்லை, அதனால் தகட்டை மெலிதாக அடிக்கலாம். அலுமினியம் 2.7 கிராம்தான், ஆனால் அது மிருதுவானது என்பதால் தகடு தடிமனாக இருக்க வேண்டும். அதனால் எடை வித்தியாசம் பலர் நினைக்கிற அளவுக்கு வராது. விலை வித்தியாசம் மட்டும் நன்றாகவே தெரியும்.

ஆனால் விறகுத் தீ என்று வரும்போது டைட்டானியத்துக்கு ஒரு நியாயம் கிடைக்கிறது. பிஆர்எஸ் மாதிரிச் சின்ன கேஸ் பர்னரில் தீ நடுவில் ஒரு புள்ளியில் பாயும். மெல்லிய டைட்டானியத்தால் அந்தச் சூட்டைப் பக்கவாட்டில் பரப்ப முடியாது, அந்த இடத்தில் மட்டும் கஞ்சி கருகி அடிப்பிடிக்கும். விறகுத் தீ அப்படி இல்லை, அடி முழுவதையும் தழுவிக்கொண்டு எரியும். பரப்பும் வேலையைத் தீயே செய்துவிடுவதால் டைட்டானியத்தின் குறை மறைந்துவிடுகிறது. கேஸோடு டைட்டானியம் வைத்துச் சமைத்து அலுத்துப்போனவர்கள் விறகில் ஒருமுறை வைத்துப் பார்க்கலாம். இன்னொன்று, தண்ணீர் வற்றியதைக் கவனிக்காமல் விட்டால் அலுமினியத்துக்கு ஆபத்து, அதன் உருகுநிலை 660 டிகிரி. விறகுத் தணலில் அந்தச் சூடு சாதாரணமாக வரும். டைட்டானியம் 1,668 டிகிரி. அடி கொஞ்சம் நெளியலாம், நீலமும் ஊதாவுமாக நிறம் மாறும், அவ்வளவுதான். அந்த நிறம் மேலே படிகிற ஆக்சைடு படலத்தால் வருவது, அதனால் கெடுதல் எதுவும் இல்லை.

நான்ஸ்டிக் பூசிய பாத்திரத்தை விறகுப் பக்கமே கொண்டு போகாதீர்கள். அடியில் துடுப்புத் துடுப்பாகத் தகடு வைத்த, கேஸுக்கென்றே செய்த பாத்திரமும் வேண்டாம், ஒரே சமையலில் இடுக்கு முழுக்கக் கரி ஏறிவிடும். கைப்பிடியில் சிலிகான் உறை போட்டு விற்பதும் அப்படித்தான், கருகி நாறும். வெறும் கம்பிக் கைப்பிடியும் ஒரு துண்டுத் துணியும் போதும்.

இனி ஜோடிகள். முதலில் இரட்டைச் சுவர் அடுப்புகள்: சோலோ ஸ்டவ் லைட், அப்புறம் கனடாவிலேயே உருவான புஷ்படி. கீழ்த் துளை வழியாக நுழைகிற காற்றில் ஒரு பகுதி இரண்டு சுவர்களுக்கு நடுவே சூடாகி மேலேறி, மேல் துளைகளில் வெளியே வந்து, அங்கே எரியாமல் போகவிருந்த புகையை எரித்துவிடும். நன்றாகக் கொழுந்துவிட்டால் புகையே தெரியாது. சோலோவைச் செய்கிறவர்கள் ஒரு லிட்டருக்கு எட்டிலிருந்து பத்து நிமிடம் என்கிறார்கள், காய்ந்த விறகும் காற்றில்லாத இடமும் கிடைத்தால் நம்பக்கூடியதுதான். ஒரே நிபந்தனை, மேல் துளைகளுக்குக் கீழே வரைதான் சுள்ளி நிரப்ப வேண்டும், தீயை மேலிருந்து வைக்க வேண்டும். நம் ஊர் அடுப்பு மாதிரி கீழே பற்றவைத்து மேலே விறகை அடுக்கினால் புகைந்து தள்ளும், அப்புறம் அடுப்பைத் திட்டிப் பயனில்லை.

இந்த அடுப்புகளுக்குப் பாத்திரம் அகலமாக இருக்க வேண்டும். சோலோவின் விட்டம் 108 மில்லிமீட்டர். டோக்ஸ் நிறுவனத்தின் பிரபலமான 750 மில்லி டைட்டானியம் பாத்திரம் 95 மில்லிமீட்டர்தான், உயரமான குவளை வடிவம். அடுப்பு அதற்குள் போகாது, அது ஒரு பிரச்சினை. பெரிய பிரச்சினை, அடுப்பைவிடப் பாத்திரத்தின் அடி சின்னது என்பதால் தீ சுற்றிலும் பக்கச் சுவரில் ஏறி, கைப்பிடியை நக்கி, மேலே போய்விடும். டோக்ஸிலேயே 900 மில்லியில் 115, 130 என்று விட்டம் சொல்லி இரண்டு விற்கிறார்கள், அவற்றில் ஏதாவது ஒன்றை எடுப்பதுதான் இங்கே சரி. புஷ்படிக்கு ஜோடி ஏற்கெனவே முடிவானது: 145 கிராம் எடையுள்ள அதன் அல்ட்ரா மாடல், ஸ்னோ பீக் ட்ரெக் 900 பாத்திரத்துக்குள் கச்சிதமாக உட்காரும். பாத்திரம் 175 கிராம், மூடியே சின்ன வறுசட்டியாகவும் ஆகும். மொத்தம் 320 கிராமில் அடுப்பும் சமையலறையும் முடிந்தது. சாம்பலும் கரியும் அந்த ஒரே உருளைக்குள் அடங்கிவிடும், பையில் மற்றதில் ஒட்டாது. இந்த ஒரு வசதிக்காகவே பலர் இந்த ஜோடியை விடுவதில்லை.

குறை என்ன? நிதானமாகச் சமைக்க ஒத்துவராது. தண்ணீர் கொதிக்க வைத்து நூடுல்ஸில் ஊற்றுகிறவருக்கு இதைவிட நல்ல அடுப்பு இல்லை. ஆனால் தீயைக் குறைக்க வழி கிடையாது. எரிகிறது என்றால் முழு வேகத்தில் எரியும், விரல் நீளத் துண்டுகளை இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பாத்திரத்துக்கு அடியில் இருக்கும் இடைவெளி வழியாகப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சுள்ளி ஒடிக்கிற நேரத்தில் அரிசி கருகும்.

இரண்டாவது வகை மடக்கு அடுப்புகள். எம்பர்லிட் ஃபயர்ஆன்ட் டைட்டானியத்தில் 80 கிராம், ஃபயர்பாக்ஸ் நானோ டைட்டானியத்தில் சுமார் 115 கிராம், வார்கோ ஹெக்ஸகன் டைட்டானியத்திலும் ஏறக்குறைய அதே எடை. இவை ஒற்றைச் சுவர், புகை கூடுதலாக வரும், பாத்திரம் சீக்கிரம் கறுக்கும். ஆனால் பக்கவாட்டில் திறப்பு இருக்கிறது. இங்கேதான் நம் பாட்டிமார் அடுப்பங்கரையில் செய்ததைச் செய்யலாம்: விறகை உள்ளே தள்ளினால் தீ, வெளியே இழுத்தால் தணல்.

ரவை உப்புமாவை எடுத்துக்கொள்ளுங்கள். ரவையை வீட்டிலேயே வறுத்து, தாளித்த கடுகு, உளுத்தம்பருப்பு, முந்திரி, உப்பு எல்லாம் கலந்து ஒரு பையில் கட்டிக்கொண்டு போக வேண்டியது. நானோவின் திறப்பில் கட்டை விரல் தடிமனில் இரண்டு மேப்பிள் குச்சிகளை எதிரெதிராகச் செருகி, நுனிகள் நடுவில் தொடும்படி விட்டால், எரிய எரியத் தள்ளிக்கொண்டே இருக்கலாம். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் ஒரு குச்சியை உருவி எடுத்துவிட வேண்டும். ரவையைத் தூவிக் கிளறி, மூடியைப் போட்டு, மற்றதையும் பாதி இழுத்துவிட்டால் மீதித் தணலிலேயே வெந்துவிடும். மெல்லிய டைட்டானியத்தில் அடிப்பிடிக்காமல் உப்புமா வருவது இந்த வகை அடுப்பில்தான். இரட்டைச் சுவர் அடுப்பில் இதைச் செய்து பார்த்தவர்கள் நான் சொல்வதை ஒப்புக்கொள்வார்கள்.

பாத்திரத்துக்குள் அடங்க வேண்டும் என்கிற கவலையும் இவற்றில் இல்லை, தட்டையாக மடங்கிப் பையின் ஓரத்தில் போய்விடும். 750 மில்லி குவளையை ஏற்கெனவே வாங்கிவிட்டவருக்கு வார்கோ ஹெக்ஸகன் பொருந்தும், அது அடியில் அகன்று மேலே குறுகுவதால் தீ குவளையின் அடிக்கே போகும். ஃபயர்ஆன்ட் லேசானது, ஆனால் மெல்லிய தகடுகளைக் கோத்து நிறுத்துவது. சூட்டில் நெளிந்த பிறகு பிரிப்பதும் கோப்பதும் கொஞ்சம் மல்லுக்கட்டுதான். நானோ கீல் வைத்தது, பிரித்தால் நிற்கும், மடித்தால் படுக்கும். டைட்டானியம் அடுப்புகளில் எனக்குப் பிடித்த இன்னொரு குணம், தீ அணைந்த சில நிமிடத்தில் கையில் எடுக்கும் அளவுக்கு ஆறிவிடும். எஃகு அப்படி ஆறாது.

மூன்றாவது, ட்ரெய்ல் டிசைன்ஸின் கால்டெரா கோன் டை-டிரை. இது உங்கள் பாத்திரத்துக்கென்றே அளவெடுத்து வெட்டிய டைட்டானியம் கூம்பு. பாத்திரம் அதன் வாயில் தொங்கிக்கொண்டு உட்காரும், காற்றுத் தடுப்பும் அடுப்பும் ஒன்றே. விறகு, ஸ்பிரிட், திட எரிபொருள் வில்லை என்று மூன்றும் எரிக்கலாம். ஏரிக்கரைக் காற்றில் இதற்கு நிகரில்லை. ஆனால் பாத்திரத்தை மாற்றினால் கூம்பு வீண், அதனால் பாத்திரத்தில் மனம் நிலைத்தவர்களுக்கு மட்டும்.

கரி பற்றிக் கொஞ்சம். சீடரும் பைனும் பிசின் உள்ளவை, பாத்திரத்தில் பிசுக்காகக் கறுப்பு ஏறும். மேப்பிள் மாதிரிக் கடின மரம் கிடைத்தால் படிவது குறையும். பற்றவைக்க பிர்ச் பட்டை போல ஒன்று கிடையாது, ஈரத்திலும் பிடிக்கும், ஆனால் கீழே விழுந்த மரத்திலிருந்து மட்டும் எடுங்கள், நிற்கிற மரத்தை உரிக்காதீர்கள். கிராமத்தில் விறகடுப்பில் ஏற்றும் முன் பாத்திரத்தின் வெளிப்புறம் சாம்பலைக் குழைத்துப் பூசுவார்கள், கழுவ லேசாக இருக்கும் என்று. காட்டில் அந்தச் சிரமம் தேவையில்லை. வெளியே கறுப்பாகவே இருக்கட்டும், ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டினால் போதும்.

இனி யாரும் பேச விரும்பாத விஷயம். ஒன்டாரியோவில் காட்டுத்தீ அபாயம் கூடும்போது தீத்தடை மண்டலம் என்று அறிவித்துவிடுவார்கள். அப்போது கேஸ் அடுப்பைக் கவனமாகப் பயன்படுத்தலாம், திறந்த தீ கூடாது. விறகு அடுப்பு பையிலேயே கிடக்க வேண்டியதுதான். தடை இல்லாத நாளிலும் அல்கோன்குயினில் முகாமுக்கென்று அமைத்திருக்கிற தீக்குழிக்குள்தான் அடுப்பை வைக்க வேண்டும். கலிஃபோர்னியாவிலும் இதே கதை, யோசெமிட்டியில் 9,600 அடிக்கு மேல் விறகுத் தீக்கே அனுமதி இல்லை. தமிழ்நாட்டுக் காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம், 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்ததை நினைத்தால் ஏன் என்று விளக்க வேண்டியதில்லை, அதனால் ஊருக்குப் போகும்போது எடுத்துப் போகலாமே என்று யோசிக்காதீர்கள். கிளம்பும் முன் தடை நிலவரம் பார்த்துவிட்டு, சந்தேகமிருந்தால் அந்த 25 கிராம் பர்னரையும் டப்பாவையும் எடுத்துப் போவதுதான் புத்திசாலித்தனம்.

எனக்கு ஒரே ஒரு ஜோடிதான் என்றால், 115 மில்லிமீட்டர் அகலமுள்ள 900 மில்லி பாத்திரமும் டைட்டானியம் நானோவும். வெந்நீர் மட்டும் போதும் என்பவருக்குப் புஷ்படியும் ட்ரெக் 900-மும், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. சோலோ ஸ்டவ் நல்ல அடுப்புதான், ஆனால் 255 கிராம் எஃகைச் சுமந்துகொண்டு பாத்திரத்தில் டைட்டானியம் தேடுவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. அந்த அடுப்பை ஏற்கெனவே வைத்திருக்கிறவர் அகலமான அலுமினியம் பாத்திரம் ஒன்றோடு நிறுத்திக்கொண்டு மீதிக் காசைப் படகு வாடகைக்கு வைத்துக்கொள்ளலாம். இல்லை, டைட்டானியம்தான் வேண்டும் என்றால் ஒன்று செய்யுங்கள்: சோலோவின் மேல் வளையத்தைக் கவிழ்த்து உள்ளே வைத்தால் 97 மில்லிமீட்டர் உயரம், பாத்திரத்தின் உள் உயரத்தையும் மூடி இறங்கும் ஆழத்தையும் அளந்து பாருங்கள், அகலத்தில் நுழைந்தும் மூடி மூடாமல் போவது இந்த ஜோடியில் நடக்கக்கூடியது. அந்தச் சோதனையைத் தீ மூட்டுவதற்கு முன்பே செய்துவிடுங்கள், கரி பிடித்த பாத்திரத்தை எந்தக் கடையும் திரும்ப வாங்காது.