காலர் மைக்கா, பூம் மைக்கா? பாம்பன் கரைப் பேட்டிக்கு எது சரி

பாம்பன் பக்கம் பாசி எடுக்கும் பெண்களின் பேட்டியைக் கெடுப்பது பெரும்பாலும் மேற்குப் பக்கமிருந்து வீசும் கச்சான் காற்றுதான்.

தனி ஆளாக ஆவணப்படம் எடுப்பவருக்கு, பேசுபவரின் உடையில் குத்தும் சின்னக் காலர் மைக் கைகொடுக்கும். ஆனால் சேலைமேல் போட்ட சட்டை படபடத்து மைக்கில் உரசும்; உப்பு ஈரம் அதற்கு எமன். இன்னொன்று, பெண்கள் மைக் மாட்டியிருப்பதையே மறந்து, வியாபாரியிடம் வாங்கிய கடன், வீட்டுச் சண்டை எல்லாவற்றையும் பேசிவிடுவார்கள். பேட்டி முடிந்ததும் உடனே கழற்றிவிடுங்கள். அவர்கள் நம்மை நம்பிப் பேசுகிறார்கள்.

நீளக் கம்பின் நுனியில் மாட்டும் பூம் மைக்கைப் பிடிக்க இன்னோர் ஆள் வேண்டும், செலவுதான். ஆனாலும் காற்றிரைச்சலைக் குறைக்கும் ரோம உறை மாட்டி, தலைக்கு மேலிருந்து வாயை நோக்கி ஒன்றரை அடியில் பிடித்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழான உறுமலைக் குறைக்கும் லோ-கட் போட்டால் பேச்சு தெளிவாக விழும். பேசுபவரைக் காற்றுக்கு முதுகு காட்டி உட்காரவையுங்கள்.

கரையில் பூம். இஞ்சின் ஓடும் வள்ளத்தில் வாய்க்கு நெருக்கமான காலரே மேல்.