பாட்டில் புல்கோகி சாஸ்: சுவைக்குச் சரி, கறியை மிருதுவாக்க உதவாது

புல்கோகி என்பது மெல்லியதாகச் சீவிய மாட்டுக்கறியை இனிப்பும் உப்புமான கலவையில் ஊறவைத்துச் சமைக்கும் கொரிய உணவு. கொரிய மளிகைக் கடைகளில் அதற்கென்று கிடைக்கும் சாஸில் சோயா சாஸ், சர்க்கரை, பேரிக்காய் அல்லது ஆப்பிள் கூழ், பூண்டு, வெங்காயம், எள்ளெண்ணெய், மிளகு எல்லாம் முன்கூட்டியே கலந்திருக்கும். அதிக மெனக்கெடாமல் மாட்டுக்கறியும் காய்கறியும் வதக்கிச் சாப்பிட வேண்டுமென்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

பேரிக்காய் இருக்கிறதே, கறி தானாக மெத்தென்று ஆகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். துருவிய பச்சைப் பேரிக்காயில் புரதத்தை உடைக்கும் நொதி உண்டு, அது உண்மைதான். பாட்டிலில் அடைக்கும்போது சாஸைச் சூடுபடுத்துவதால் அந்த நொதி செயலிழந்துவிடும். மிஞ்சுவது பழத்தின் இனிப்பும் வாசனையும்தான். எனவே மிருதுத்தன்மை முழுக்க உங்கள் கத்தியின் பொறுப்பு. ரிப்-ஐ (விலாப் பகுதி) அல்லது சர்லாயின் (இடுப்புப் பகுதி) துண்டை 40 நிமிடம் ஃப்ரீசரில் வைத்து, விறைத்ததும் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே 2 முதல் 3 மி.மீ. தடிமனில் சீவுங்கள். நாரின் போக்கிலேயே வெட்டினால் எந்த சாஸும் காப்பாற்றாது, ரப்பர் மாதிரி இழுக்கும். கறி சற்று முரடாக இருந்தால் கால் பேரிக்காயைத் துருவிச் சேர்க்கலாம். கிவி என்றால் ஒரு டீஸ்பூன் போதும், 20 நிமிடத்துக்கு மேல் ஊற விடாதீர்கள், குழைந்துவிடும்.

அடுத்த குறை இனிப்பு. அரை கிலோ கறிக்கு 5 டேபிள்ஸ்பூன் சாஸ், 1 டேபிள்ஸ்பூன் சோயா சாஸ், தட்டிய பூண்டு 4 பல், மிளகுத்தூள் அரை டீஸ்பூன் என்று கலந்தால் சமநிலைக்கு வந்துவிடும். உப்பு தனியாக வேண்டாம். 20 நிமிடம் ஊறியதும் வடிகட்டியில் கொட்டி, வடியும் சாற்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் படியை விட்டால் சட்டியில் கறி வதங்காது, சாற்றில் வெந்து சாம்பல் நிறமாகக் கிடக்கும்.

சட்டி நன்றாகக் காய்ந்து லேசாகப் புகை கிளம்பும்போது 1 டேபிள்ஸ்பூன் எண்ணெய் விட்டு, பாதிக் கறியை மட்டும் பரப்புங்கள். ஒரு நிமிடம் கிளறவே கூடாது. ஓரங்கள் பழுப்பேறி, சர்க்கரை பாகாகும் மணம் வந்ததும் திருப்பிப் போட்டு, இன்னும் அரை நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். மொத்தக் கறியையும் ஒரே தடவையில் போட்டால் சட்டியின் சூடு இறங்கித் தண்ணீர் விட்டுக்கொள்ளும். முதல் ஈடு முடிந்ததும் அடியில் கறுத்துப் பிடித்த பாகை ஒரு கரண்டித் தண்ணீர் விட்டுச் சுரண்டித் துடைத்துவிட்டுத்தான் அடுத்த ஈடு. இல்லையென்றால் கசப்பு ஏறும்.

அதே சட்டியில் ஒரு வெங்காயம், மெல்லிய கேரட் 2 நிமிடம். பிறகு காளானும் குடைமிளகாயும் ஒன்றரை நிமிடம். தனியே வைத்த சாற்றை இப்போது ஊற்றுங்கள். பச்சைக் கறி ஊறிய சாறு என்பதால் ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வேண்டும். கறியைத் திரும்பச் சேர்த்து, ஸ்பிரிங் ஆனியன் தூவி, ஒரு புரட்டு புரட்டி இறக்கிவிடலாம்.

பாட்டிலில் இருக்கும் எள் மணம் இந்தச் சூட்டில் பெரும்பாலும் பறந்துவிடும். அதனால் அடுப்பை அணைத்த பிறகு வறுத்த எள்ளில் ஆட்டிய எண்ணெய் 2 டீஸ்பூன் விடுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. வறுக்காத எள்ளின் நல்லெண்ணெய் அந்த மணத்தைத் தராது.

காரம் பிடிக்குமென்றால் ஒரு டேபிள்ஸ்பூன் கோச்சுஜாங் (புளிக்கவைத்த கொரிய மிளகாய் விழுது) சேர்க்கலாம். ஊறவைக்கும் கலவையில் வேண்டாம், சீக்கிரம் அடிப்பிடித்துக் கருகும். சாறு கொதிக்கும் நேரத்தில் கரைப்பதே சரி. வாங்கும்போது லேபிளைப் படியுங்கள்: சில பாட்டில்களில் அரிசி ஒயின் சேர்த்திருப்பார்கள், சோயா சாஸ் வழியாகக் கோதுமையும் இருக்கும். திறந்த பாட்டிலை ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும்.